சந்தானம் பாபுவும் டாக்டரின் தேஷும்

சந்தானத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதுதான். அதை நற்குணம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. பொய் சொல்ல வேண்டுமானால் எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கொஞ்சமாவது யோசிக்க வேண்டும். அந்தச் சிரமம் அவருக்கு ஆகாது. கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வார். குத்தாலத்துக்காரர். கும்பகோணம் காலேஜில் சமஸ்கிருதம் எடுத்து பி.ஏ. தேறியவர். கார்டன் ரீச்சில் ரயில்வே கம்பெனியின் ஆடிட் ஆபீசில் குமாஸ்தா. கல்கத்தாவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் வங்காளி அவர் நாக்கில் ஒட்டவில்லை. ஆபீசில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், இரண்டுக்கும் நடுவில் இருந்த தெருவைத் தலையாட்டியே கடந்துவிடுவார்.

அவர் பெயரே அந்தத் தெருவுக்கு ஒரு வேடிக்கை. வங்காளியில் 'ஷொந்தான்' என்றால் பிள்ளை, குழந்தை. நம் பக்கத்திலும் அர்த்தம் அதுதான். ஆனால் நாம் பெயரைப் பெயராகத்தான் கேட்போம், யாரும் அர்த்தம் பார்க்க மாட்டோம். அவர்கள் பார்த்தார்கள். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஒரு கனத்த மனிதர் குடையை இடுக்கிக்கொண்டு போனால், "குழந்தை பாபு போகிறார்" என்று சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்துவிட்டுப் போவார்.

தெரு அவரை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அவருடைய மனைவி காமு. சந்தானத்தின் தாய்மாமன் பெண். ஊரில் வாயே திறக்காத பெண் என்று பெயர் வாங்கியவள், இங்கே வந்து ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாளை 'பௌதி', அண்ணி, என்று கூப்பிட்டுக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வங்காளியில் வம்பளக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பௌதியின் புருஷர்தான் டாக்டர் கேதார் பாபு. சந்தானத்தின் மகள் மீனாக்ஷிக்கு டைபாய்டு வந்தபோது வீட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்து குழந்தையைப் பிழைக்க வைத்தவர். அன்றிலிருந்து சாயங்காலம் டிஸ்பென்சரியை மூடியதும் நேரே இங்கே வருவார். காமு கொடுக்கும் காப்பியை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார்.

முதல் நாள் அவர் சந்தானத்திடம் கேட்ட கேள்வி, "அப்னார் தேஷ் கோதாய்?" என்பது. உங்கள் தேஷ் எங்கே?

சந்தானத்துக்கு அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை புரிந்தது. தேஷ், அதாவது தேசம். இதென்ன கேள்வி என்று தோன்றினாலும் மரியாதையாக, "இந்தியா" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சந்தானமும் சிரித்தார். பதிலுக்குக் கேட்காவிட்டால் நன்றாயிராது என்று, "தங்கள் தேஷ்?" என்று கேட்டுவைத்தார். டாக்டர் நெஞ்சில் கைவைத்து, "சந்தன்நகர்" என்றார்.

சந்தானம் அசந்து போய்விட்டார். கங்கைக்கரையில் கொஞ்சம் மேலே போனால் இருக்கிற சந்தன்நகர் பிரெஞ்சுக்காரன் ஆளும் ஊர் என்பது அவருக்குத் தெரியும். அப்படியென்றால் இந்த மனிதர் பிரெஞ்சு தேசத்துப் பிரஜை. பஞ்சகச்சம் மாதிரி வேட்டியைச் சொருகிக்கொண்டு, மீன்முள் குத்திய விரலை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாரே என்று பார்த்து இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. மறுநாளே ஆபீசில் பெருமை பீற்றிக்கொண்டார்: "எங்க பக்கத்தாத்து டாக்டர் லேசுப்பட்டவர் இல்லை. பிரெஞ்சுப் பிரஜையாக்கும். அவர் வாயாலயே சொன்னார்." அதை அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாராவது புதிதாக ஆபீசில் சேர்ந்தால் அவர்களுக்கும் சொல்வார்.

தலைநகரம் தில்லிக்குப் போகிறது என்று கல்கத்தா முழுக்கத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த வருஷத்தில், அவர்கள் குடியிருந்த சின்ன முனிசிபாலிட்டிக்குத் தேர்தல் வந்தது. அதுவரை சேர்மன் நாற்காலியில் சணல் ஆலைத் துரை ஒருவரே உட்கார்ந்திருந்தார். அவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். சேர்மன் என்றால் ஏதோ சின்னப் பதவி என்று நினைக்க வேண்டாம். சாக்கடை, தெருவிளக்கு, குளம், சுடுகாடு, எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் நடக்கும். அந்த ஜனங்களுக்கு எட்டிய உயரத்தில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது. முதலில் கமிஷனராக ஜெயிக்க வேண்டும், பிறகு கமிஷனர்கள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுப்பார்கள். பாதித் தெரு டாக்டர் கேதார் பாபுவை நிற்கச் சொன்னது. மீதித் தெரு வக்கீல் நிபாரண் பாபு பக்கம்.

நிபாரண் பாபு வக்கீல் புத்தியைக் காட்டினார். டாக்டர் அந்நிய நாட்டுப் பிரஜை, அவர் தேர்தலில் நிற்கவே அருகதையில்லாதவர் என்று ஜில்லா துரைக்கு மனுப் போட்டார். எங்கிருந்து கிடைத்தது இந்த விஷயம் என்று கேட்டால், ரயில்வே ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயமாயிற்றே என்றார்.

அப்புறம் ஊர் இரண்டு பட்டது. மருந்துக்கடையில், படித்துறையில், டிராம் நிற்கும் இடத்தில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. பிறந்த இடம்தான் கணக்கு என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, தகப்பன் எந்த ராஜாவின் குடியோ அவனும் அந்த ராஜாவின் குடி என்றார் மற்றவர். வரி எங்கே கட்டுகிறானோ அங்கேதான் பிரஜை என்றார் மூன்றாமவர். அவர் எங்கேயும் வரி கட்டாதவர். சட்டத்தில் இதைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று யாருக்காவது தெரிந்ததா என்றால் இல்லை. போட்டிருக்கிறதா என்பதே தெரியவில்லை. டாக்டரின் கம்பவுண்டர்தான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "கடல் தாண்டிப் பிறந்தவர் இந்த நாட்டையே ஆளலாம், கங்கைக்கரையில் பிறந்தவர் சாக்கடை பார்க்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சட்டென்று வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

சந்தானத்துக்கு இந்த அமளியில் ஒன்றுமே பிடிபடவில்லை. பிரெஞ்சுப் பிரஜை என்பது பெருமையான விஷயம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது எப்படிக் குற்றமாயிற்று? சாட்சி சொல்ல வரும்படி அவருக்குச் சம்மன் வந்தபோதுகூட அவருக்குப் பயமில்லை. உள்ளதைச் சொல்லப் போகிறோம், டாக்டருக்கு நல்லதுதானே என்று கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு போனார்.

விசாரணை முனிசிபல் ஆபீஸ் மாடியில் நடந்தது. துரை சீமையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வங்காளி இன்னும் பழகவில்லை, எல்லாம் இங்கிலீஷில். டாக்டர் தன் தேசம் சந்தன்நகர் என்று உம்மிடம் சொன்னாரா என்று துரை கேட்டார்.

"சொன்னார் சார். அவர் வாயாலேயே சொன்னார்" என்றார் சந்தானம்.

டாக்டர் எழுந்து, தாம் சொன்ன வார்த்தை 'தேஷ்' என்றும், அதற்கு அர்த்தம் தேசம் அல்ல, பூர்வீக ஊர் என்றும் சொன்னார். நிபாரண் பாபு தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவருக்கும் அர்த்தம் நன்றாகத் தெரியும். தாம் விளக்கம் சொல்லி மாட்டிக்கொள்ளாமல், "சாட்சி நடுநிலையானவர், படித்தவர், டாக்டரின் நண்பர். அவரையே கேட்கலாமே" என்று நழுவினார்.

துரை சந்தானத்தைப் பார்த்தார். தேஷ் என்றால் ஊரா, தேசமா?

அதுவரை அடக்கமாக நின்ற சந்தானத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதும் கும்பகோணம் காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. தமக்குத் தெரிந்த விஷயத்தை ஒரு துரை கேட்கிறார். மார்பை நிமிர்த்திக்கொண்டார். "அது சமஸ்கிருதச் சொல் சார். தேச என்றால் நாடு. இந்தியாவின் எல்லாப் பாஷையிலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். என் பாஷையிலும் தேசம் என்றால் நாடு." துரை பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். முடிவை அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லி எழுந்தார்.

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையைச் சந்தானம் நன்றி என்று நினைத்தார். கொஞ்சதூரம் நடந்த பிறகு, நன்றி அப்படி இருக்காதே என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து காமுவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் இங்கே பரவல் என்று விற்கும் காயை நறுக்கிக்கொண்டிருந்தவள், அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"தேஷ்னா தேசம்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"சமஸ்கிருதம் சொல்றது."

"சமஸ்கிருதம் இந்தத் தெருவில எந்த ஆத்துல குடியிருக்கு? தேஷ்னா இவாளுக்கு ஊர். நாம உங்களுக்கு எந்த ஊர்னு கேக்கறோமோல்லியோ, அதான். பால்காரன் பூஜைக்கு லீவு போட்டுட்டு தேஷுக்குப் போறேங்கறான். பாத்திரம் தேய்க்கறவ தேஷ்லேருந்து மாமியார் வந்திருக்காங்கறா. இவாள்ளாம் சீமைக்கா போயிட்டு வரா?"

"இத்தனை நாளா நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க எப்போ கேட்டேள்?"

முதல் நாள் டாக்டர் ஏன் அப்படிச் சிரித்தார் என்பது சந்தானத்துக்கு இப்போதுதான் விளங்கியது. எந்த ஊர் என்று கேட்டதற்கு இந்தியா என்று சொன்னவனைப் பார்த்து யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சட்டையைக்கூட மாற்றாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினார். டாக்டரின் செருப்பு வாசலில் இருந்தது. பௌதி கதவருகே வந்து, அவர் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் காமு போட்ட காப்பி ஆறிப்போயிற்று. அடுத்த நாளும் ஆறிப்போயிற்று.

பௌதிக்குக் காமுவோடு சண்டையில்லை. சுவருக்கு மேலாக அவள் சொல்லித்தான் மிச்ச விவரம் தெரிந்தது. சந்தன்நகரிலிருந்து வந்தவர் டாக்டரின் தாத்தா. டாக்டர் பிறந்தது இங்கே கல்கத்தாவில், பவானிபூரில், தாய்மாமன் வீட்டில், நல்ல இங்கிலீஷ் மண்ணில். அங்கே பிரசவம் பார்த்த கிழவியும் இல்லை, மாமனும் இல்லை, சொல்லச் சாட்சி யாருமில்லை. சந்தன்நகர் வீடு இடிந்துபோய்ப் பல வருஷமாகிறது. இருந்தாலும் தேஷ் எங்கே என்று கேட்டால் அவர் அதைத்தானே சொல்வார்?

"நாம சொல்றாப்பலதான்" என்றாள் காமு. "உங்களைக் கேட்டா குத்தாலம்னு சொல்றேள். அங்கயா பொறந்தேள்? முதல் பிரசவம்னு உங்கம்மா பொறந்தாத்துக்கு வந்து, எங்காத்து ரேழி உள்ளுல பெத்தா. காரைக்கால்ல."

சந்தானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காரைக்கால். அங்கேயும் அதே பிரெஞ்சுக்கொடிதான் பறக்கிறது. இத்தனை அமளியிலும் தாம் எங்கே பிறந்தோம் என்று அவருக்கு நினைவுக்கே வரவில்லை. அதை யார் கேட்டார்கள்? ஊர் எது என்றுதான் உலகம் கேட்கும். குத்தாலம் என்று சொன்னால் முடிந்தது.

அன்றைக்கு முழுக்க அவர் மண்டையைக் குழப்பிக்கொண்டு திண்டாடினார். டாக்டருக்கு ஊர் பிரெஞ்சு, பிறப்பு இங்கிலீஷ். தமக்கு ஊர் இங்கிலீஷ், பிறப்பு பிரெஞ்சு. காமுவுக்கோ இரண்டும் பிரெஞ்சு. கட்டின மனைவி ஒரு பிரெஞ்சுக்காரி என்று இத்தனை வருஷமாகத் தெரியாமல் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறார். மீனாக்ஷியும் அதே காரைக்காலில், அதே ரேழி உள்ளில்தான் பிறந்தாள். இந்த வீட்டில் விக்டோரியா மகாராணியின் பேரனுக்குக் குடியாக இருப்பது யார் என்று பார்த்தால் பூனையைத் தவிர ஒருவரும் தேறவில்லை.

டாக்டரின் நாற்காலி போய்விட்டால் அது தம்மால் போனதாகும் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது. குழந்தையைப் பிழைக்க வைத்த மனிதர். சந்தானம் துரையின் பங்களாவுக்குப் போய்க் காத்துக் கிடந்து, தாம் சொன்னது தப்பு, திருத்திச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். துரை மறுபடி எல்லோரையும் கூப்பிட்டார்.

இந்தத் தடவை சந்தானம் மார்பை நிமிர்த்தவில்லை. வார்த்தையை மென்று விழுங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார். தேஷ் என்பது ஊர். அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை, பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. துரைக்குப் பிடிபடவில்லை. பிறக்காத, வசிக்காத இடம் எப்படி ஒருவனுக்குச் சொந்த ஊராகும் என்று கேட்டார். எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும் என்ற வேகத்தில் சந்தானம் ஓர் உதாரணம் சொன்னார். பக்கத்தில் கிடைத்த உதாரணம் அவர்தான்.

"என்னையே எடுத்துக்கொள்ளுங்கள் சார். என் ஊர் குத்தாலம். அங்கேதான் என் தகப்பனார், பாட்டனார் எல்லாம். ஆனால் நான் பிறந்தது காரைக்காலில், என் தாயார் வீட்டில். அது பிரெஞ்சு ராஜ்யம். அதற்காக யாரும் என் ஊர் காரைக்கால் என்று சொல்வதில்லை. டாக்டர் பாபுவுக்கு இதேதான், தலைகீழாக."

துரைக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். டாக்டர் தேர்தலில் நிற்கத் தடையில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். நிபாரண் பாபு வாதாடவில்லை. சந்தானம் சொன்னதில் ஏதோ ஒன்றை நிதானமாகக் குறித்துக்கொண்டார்.

டாக்டர் அன்று சாயங்காலம் காப்பிக்கு வந்தார். சந்தானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். காமு கொடுத்ததைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவ்வளவு நிம்மதியாகச் சந்தானம் கல்கத்தாவில் ஒருநாளும் தூங்கியதில்லை. தேர்தலில் டாக்டர் ஜெயித்தார், சேர்மனும் ஆனார். அவருக்கு வோட்டுப் போட்டுவிட்டுச் சந்தானம் தெரு முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்தார். அவர் தகப்பனார் காலத்தில் வோட்டு என்ற பேச்சே கிடையாது. பி.ஏ. தேறியவர் என்ற வகையில் அவருக்குக் கிடைத்திருந்த அந்த உரிமையை, வேற்று ஊரில் தமக்குக் கொடுத்த ஓர் ஆசனம் போல நினைத்தார்.

அடுத்த தடவை வாக்காளர் பட்டியலைத் திருத்தும் சமயம் வந்தபோது, கமிஷனராகிவிட்டிருந்த நிபாரண் பாபு சந்தானத்தின் பெயருக்கு ஆட்சேபணை கொடுத்தார். பிரெஞ்சு ராஜ்யத்தில் பிறந்ததாக அவரே துரைக்கு முன்னால் ஒத்துக்கொண்டவர், இங்கே வோட்டுப் போட அவர் யார்? விஷயம் ரயில்வே ஆபீஸ் வரை போகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வேலைக்கே ஆபத்து வரலாம் என்று நல்லெண்ணத்தோடு நாலு பேர் பயமுறுத்தினார்கள்.

"ஆட்சேபணையை விசாரிக்கறது யாரு? சேர்மன். சேர்மன் யாரு? நம்ம டாக்டர்" என்றார் சந்தானம். காமு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். மசக்கைக்குப் பிறகும் வாய் திறந்து பேசக் களைப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதே மாடியில். துரையின் நாற்காலியில் டாக்டர். பக்கத்தில் நிபாரண் பாபு. சந்தானம் உள்ளே போனதும் வழக்கம்போல் சிரித்தார். டாக்டர் எதிரே இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார்: "உம்முடைய கன்ட்ரி எது?"

இத்தனை வருஷத்தில் டாக்டர் அவரிடம் தேஷ் என்றுதான் கேட்டிருக்கிறார். சந்தானத்துக்கு ஒரு கணம் யாரோ வேறு மனிதர் பேசுகிற மாதிரி இருந்தது. இந்த ஒரு விசாரணைக்காகவே காமுவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்த வங்காளியில், "ஆமார் தேஷ் குத்தாலம்" என்றார்.

நிபாரண் பாபு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பில், பிரெஞ்சு டாக்டர் பிரெஞ்சு நண்பனைக் காப்பாற்றுகிறார் பாருங்கள் என்ற வாசகம் முழுவதும் இருந்தது. டாக்டருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் காது சிவந்துபோயிற்று.

"தேஷ் இல்லை. கன்ட்ரி" என்றார்.

சந்தானம் திருதிருவென்று விழித்தார். இந்தியா என்று சொல்லலாமா? அதைச் சொல்லித்தான் முதல் நாள் சிரிப்பை வாங்கினார். இங்கிலாந்து என்று சொல்ல முடியுமா? பிரான்ஸ் என்று சொன்னால் இன்றோடு எல்லாம் முடிந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு எது உண்மை என்றே தெரியாமல் போனால் என்ன செய்வார்? "டாக்டர் பாபுவுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "தெரியவில்லை என்று எழுது" என்றார். "தெரியும்வரை பெயரை நிறுத்தி வை."

பிரெஞ்சு என்று எழுதியிருந்தால்கூடச் சந்தானத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு நடந்து வரும்போது கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வழி மங்கியது. டாக்டர் தம்மைக் காப்பாற்றினாரா, கைகழுவி விட்டாரா? பிரெஞ்சு என்று எழுதாததால் வேலை தப்பியது, அது வாஸ்தவம். ஆனால் இத்தனை வருஷம் வீட்டுக்குள் வந்து காப்பி குடித்தவருக்குத் தெரியவில்லை என்றால், இந்த ஊரில் தம்மை வேறு யாருக்குத் தெரியும்? எந்தப் பக்கம் யோசித்தாலும் மறுபக்கம் சரியாகப் பட்டது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். வருவார் என்று சந்தானம் எதிர்பார்க்கவில்லை. எழுந்து வரவேற்பதா, திரும்பி உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்து அப்படியே நின்றார். டாக்டரும் உட்காரவில்லை. காமு காப்பியைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தாள்.

அவள் கண்ணால்கூட ஒன்றும் காட்டவில்லை. வங்காளியில்தான், 'தா', அண்ணா, என்று விளித்துப் பேசினாள். சந்தானத்துக்கு அன்றைக்கு அது முழுக்கப் புரிந்தது.

"டாக்டர்தா, பிரசவத்துக்கு வரச்சொல்லி அம்மா காரைக்கால்லேருந்து எழுதியிருக்கா. நான் போகப்போறதில்லை. இங்கேயே பெத்துக்கப் போறேன்."

எங்கள் பக்கத்தில் தாய்வீட்டுக்குப் போகாமல் எந்தப் பெண்ணும் பிள்ளை பெற மாட்டாள் என்பது டாக்டருக்குத் தெரியும். அவர்கள் பக்கத்திலும் அப்படித்தான். டாக்டர் திடுக்கிட்டுச் சந்தானத்தைப் பார்த்தார். சந்தானத்துக்கே அப்போதுதான் சேதி தெரியும். அவர் காமுவைப் பார்த்தார்.

"நான் ஆம்பிளை டாக்டர் அம்மா" என்றார் கேதார் பாபு கடைசியில்.

"பௌதி கூட இருப்பா. ஆனா குழந்தையை நீங்கதான் கையில வாங்கணும்" என்றாள் காமு. "அப்புறம் யாராவது வந்து கேட்டா, தெரியலைன்னு நீங்க எழுத முடியாது."

"ஆச்சா" என்றார் டாக்டர், சரி என்று அர்த்தம். காப்பியை நின்றபடியே குடித்தார். இந்தத் தடவை முகத்தைச் சுளிக்கவில்லை.

அவர் போன பிறகு சந்தானம் காமுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் டாக்டரை மன்னித்தாளா, இல்லை தண்டித்தாளா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் காமு. அதுவரை இல்லாமல் அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அம்மா இல்லாம எப்படிப் பெத்துக்கப் போறேன்னுதான் பயமா இருக்கு."